சொல்தாவும் தோசைக்கல்லும்

இது நடந்தது போன வருடமா, அதற்கு முந்தின வருடமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தீயணைப்பு வண்டி நிஜமாகவே வந்ததா, வரவழைப்பேன் என்று எதிர்வீட்டுத் தணிகாசலம் மிரட்டியதோடு சரியா என்பதில் முதலியார்பேட்டையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. வந்தது என்றே வைத்துக்கொள்வோம். மற்றபடி தோசைக்கல் விஷயத்தில் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

கிளமான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வழக்கப்படி சொன்னால், சொல்தா. பூட்ஸ், இடுப்பு வார்க் கொக்கி, துப்பாக்கிக் குழாய் எதுவானாலும் அதில் முகம் தெரிய வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் தன் வீட்டு அடுப்படியை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தது, மனைவி ஏலேன் பாரீசுக்கு விமானம் ஏறிய மறுநாள் காலையில்தான்.

அடுப்பின் மேல் ஒரு இரும்புக் கல். கரேல் என்று.

"சே! இத்தன நாளா இந்த அழுக்குலயா சாப்பிட்டேன்?" என்றார் கிளமான், யாருமில்லாத வீட்டில்.

கிளம்பும்போது ஏலேன் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "கேஸ மூடுங்க. கதவப் பூட்டுங்க. எந்தக் கல்லையும் தொடாதீங்க." மூன்றாவதை, சூடாக இருக்கும்போது தொடக்கூடாது என்று அவர் அர்த்தப்படுத்திக்கொண்டார்.

கம்பி நார், செங்கல் பொடி, துணி சோப்பு. அந்தக் காலை முழுவதும் தேய்த்தார். கறுப்பு உரிந்து, சாம்பல் உரிந்து, கடைசியில் உள்ளே இருந்த இரும்பு வெள்ளி மாதிரி வெளியே வந்தது. அதில் தன் மீசையைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். பிறகு கடையில் வாங்கிய மாவை ஒரு கரண்டி ஊற்றினார்.

தோசை வரவில்லை. தோசைத் திருப்பி வந்தது, தோசை வரவில்லை. சுரண்டியதில் பாதி கல்லிலும் பாதி சட்டையிலுமாகப் போனது.

தீய்ந்த வாசனைக்கு அடுத்த வீட்டுக் கனீஸ் பாத்திமா வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா! முசே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சுத்தம் பண்ணேன்."

"கல்லுக்குத் தோலே அந்தக் கறுப்புதான் முசே. உரிச்சிட்டீங்களே!"

கிளமானும் கல்லும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலேன் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த கல் அது. அதில் இன்னொருத்தி கை வைத்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்பது குடும்பச் சட்டம்.

அன்று மாலை பாரீசிலிருந்து மகள் மொர்கான் வீடியோவில் வந்தாள்.

"பப்பா, மூக்கு ஏன் கருப்பா இருக்கு?"

"வெயில்."

"மூக்குல மட்டுமா வெயில் அடிக்குது?"

"விஷயத்தச் சொல்லு."

"நோயல் பண்டிகைக்கு மம்மாவக் கொண்டாந்து விட நானும் வர்றேன். நீங்க தனியா சமாளிக்கிறீங்களான்னு என் கண்ணால பாக்கணும். முடியலன்னா பேச்சே கிடையாது. வீட்ட வித்துட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க."

மகள் வீட்டைக் கிளமானுக்குத் தெரியும். எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு எட்டாவது மாடி. சாயங்காலம் இரும்புக் குண்டு உருட்டிப் பெத்தாங் ஆட ஆள் கிடையாது. சண்டை போடத் தணிகாசலம் கிடையாது.

"சமாளிக்கிறேனாவா? வந்து பாரு. உங்க மம்மா கல்லுல நானே தோசை சுட்டுப் போடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

மறுநாள் கனீஸ் பாத்திமாவைக் கூப்பிட்டார். "கல்ல பழையபடி ஆக்கணும். என்ன செய்யணும்னு சொல்லு."

"விடுங்க முசே. மதாம் வந்தா பாத்துப்பாங்க. அதுவரைக்கும் ஒரு நான்ஸ்டிக் வாங்கிக்கோங்க. நான்கூட அதுலதான் சுடறேன்."

"நான்ஸ்டிக்கா? நான் செத்த பிறகு வாங்கு."

அவள் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ராத்திரி கஞ்சித் தண்ணி ஊத்தி ஊற வையுங்க. காலையில எடுத்துடுங்க" என்றாள்.

ஒரு ராத்திரி நல்லதென்றால் ஒரு வாரம் இன்னும் நல்லது என்பது கிளமானின் கணக்கு. வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்தபோது கல் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. புளியைப் போட்டுத் துருவைத் தேய்த்தார். கை புண்ணானது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதாவது நல்லதாகவும் ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப எண்ணெய் தடவி சூடு பண்ணுங்க. சின்னத் தீயில, முசே. சின்னத் தீயில!"

சின்னத் தீ என்பது கோழைகளுக்கு. அவர் கல்லில் நல்லெண்ணெயைக் குளம் கட்டி, அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டார். எழுந்த கரும்புகை ஜன்னல் வழியாக வெளியேறி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த தணிகாசலத்தின் வெள்ளைச் சட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது. தணிகாசலம் கல்யாண வீடுகளுக்குத் தலைமை தாங்கப் போகிறவர். வெள்ளைச் சட்டை இல்லாமல் அவர் இல்லை.

"யோவ் சொல்தா! உள்ள என்ன பொணமா எரிக்கிற?"

"என் வீடு, என் புகை! உன் சட்டைய உள்ள எடு!"

தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசத்தோடு ஒருவர் உள்ளே ஓடிவந்தார்.

"என்ன சார் எரியுது?"

"ஒண்ணும் எரியல. கல்லப் பழக்கறேன்."

"எதப் பழக்கறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் பக்கத்தில் இருந்த ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கல்லின் மேல் கொட்டினார். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டங்கென்று ஒரு சத்தம். புகை விலகியபோது கல் நடுவில் தொப்பை வைத்திருந்தது.

அன்று இரவு கனீஸ் பாத்திமா ஒரு தட்டில் நாலு தோசையும் மீன் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, பொன் நிறத்தில் இருந்தது தோசை. கிளமான் நாலையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாரு, தப்பா எடுத்துக்காத. நான்ஸ்டிக் தோசைய ஒரு வாய்லயே சொல்லிடலாம். இரும்போட மணமே இல்ல. ஏலேன் கல்லுல சுட்டா இது வேற மாதிரி இருக்கும்."

"இருக்கும் முசே" என்றாள் அவள், மிகவும் பணிவாக. தட்டை வாங்கிக்கொண்டு அவசரமாகப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவதுபோல் வெகுநேரம் சத்தம் கேட்டது.

கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனார் கிளமான். அங்கே பாத்திரக்கடை பாவா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல குழிப்பணியாரமும் வராது, தோசையும் வராது சார். எடைக்குப் போட்டுடுங்க. இதோ, புதுசு. ஒட்டவே ஒட்டாது. எண்ணெயே வேணாம்."

"எண்ணெயும் வேணாம், ஒட்டவும் ஒட்டாதுன்னா அது என்னாத்துக்கு? அப்படி ஒரு சம்பந்தி எனக்கு ஏற்கெனவே பாரீசுல இருக்காரு. நீ இத நிமுத்திக் குடு."

"சார், இந்தக் கல்லுக்கு நான் அடிக்கிற அடியில புதுசு ரெண்டு வித்துடுவேன்."

"அப்ப சுத்தியலக் குடு. நானே அடிக்கறேன்."

வியாபார நேரத்தில் கடைவாசலில் ஒரு சொல்தா உட்கார்ந்து இரும்பை அடிக்கத் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பூக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். மீன் பக்கமிருந்துகூட ஆள் வந்து பார்த்தது. பாவா பொறுக்க முடியாமல் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே தானே தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கிளமான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெத்தாங் ஆடப் போகவில்லை. தினம் காலையில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்ப்பார். சின்னத் தீயில் வைப்பார். முட்டை ஊற்றிப் பார்ப்பார். ஒட்டும். சுரண்டித் தின்பார். மறுபடி எண்ணெய். சாயங்காலம் ஒரு தோசை. கிழியும். தின்பார். நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுப்பின் எதிரே உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருடத்தில் ஏலேனோடுகூட இப்படி எதிரெதிரே உட்கார்ந்ததில்லை என்று ஒருநாள் தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்காமல் எழுந்துபோய் இன்னொரு வெங்காயம் வெட்டினார்.

"போதும் முசே, விட்டுடுங்க. பாக்கப் பாவமா இருக்கு" என்றாள் கனீஸ் பாத்திமா. இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்தா தோத்துட்டான்னு பேச்சு பாரீசு வரைக்கும் போவணுமா? போ, போய் உன் நான்ஸ்டிக்கப் பாரு."

கொஞ்சம் கொஞ்சமாகக் கல் கறுத்தது. டிசம்பரில் ஒருநாள் ஊற்றிய தோசையின் ஓரம் தானாக எழும்பியது. திருப்பியை வைத்தார். அது முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல், கூடவே வந்தது. கிளமான் அடுப்பை அணைத்துவிட்டு, நேராக நின்று, கல்லுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

ஏலேனும் மொர்கானும் வந்திறங்கிய காலை, பெட்டியைக்கூட உள்ளே வைக்கவிடவில்லை அவர்.

"உக்காருங்க ரெண்டு பேரும்."

தோசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மொர்கான் சாப்பிட்டாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி சாப்பிட்டாள். "பப்பா, வீட்டப் பத்தி நான் சொன்னதெல்லாம் மறந்துடுங்க. நீங்க என்னையே வச்சிப் பாத்துப்பீங்க போல."

ஏலேன் மட்டும் எழுந்து அடுப்பருகே போனாள். கல்லைக் குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அவர் கையில் இருந்த காய்ப்பையும் பார்த்தாள்.

கிளமான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றாள் ஏலேன்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. தன் கல்லையே அடையாளம் தெரியவில்லை இவளுக்கு! உரித்து, துருவேற்றி, வளைத்து, நிமிர்த்திய கல். ஒன்றும் தெரியவில்லை!

அப்போதுதான் கனீஸ் பாத்திமா உள்ளே வந்தாள். கையில் பழைய லுங்கித் துணியில் சுற்றிய வட்டமான ஒன்று. கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வாங்க மதாம், எப்ப வந்தீங்க? இந்தாங்க உங்க தோசைக்கல்லு. நீங்க சொன்ன மாதிரியே முசே கண்ணுல காட்டாம வச்சிருந்தேன். ஒரு சொட்டு சோப்புப் படல."

துணியை விலக்கினாள். கன்னங்கரேல் என்று, எண்ணெய் மினுமினுப்போடு, வருடங்களாகப் பழகிய கல்.

மொர்கான் இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிளமான் மெல்ல அடுப்பைக் காட்டினார். "அப்ப இது?"

"அது மீன் வறுக்கறது" என்றாள் ஏலேன்.

மொர்கான் லீவு முடிந்து பாரீசுக்குத் திரும்பினாள். வீடு விற்கப்படவில்லை. தணிகாசலம் சட்டைகளைப் பின்பக்கம் காயப்போடுகிறார். மீன் வறுக்க ஏலேன் பாவா கடையில் வேறொரு கல் வாங்க வேண்டியதாயிற்று. பழைய மீன் கல்லில் இப்போது தினம் காலை கிளமான் தோசை சுடுகிறார். அதைத் தொட ஏலேனுக்கு அனுமதி இல்லை.