சத்தக்காவும் என் வீரமும்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் வாயை மூடிக்கொண்டு வீரனாக இருந்தேன். அந்த ஒரு தடவையிலேயே ஒரு பெண்மணியின் பிழைப்பு போயிற்று. இப்போதெல்லாம் பல் டாக்டர் கதவைத் திறப்பதற்குள் கத்தத் தொடங்கிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், போர்ட் பிளேர் படகுத்துறைப் பக்கம் பச்சை குத்தியவள் சத்தக்கா. அவளுடைய காதுக்கு இணையான காது வங்காள விரிகுடாவிலேயே கிடையாது. மற்ற ஊர்களில் பச்சை குத்துகிறவள் பாடுவாள், குத்திக்கொள்கிறவன் வலியை மறப்பான். சத்தக்கா பாடமாட்டாள். பாடினால் எப்படிக் கேட்கும்? கண்ணில் புரை முற்றி, பகலே மூட்டமாகிப்போன பிறகு அவள் கண்டுபிடித்த முறை இது. நம் கையில் நூலைப் படமாக வளைத்து ஒட்டி, அதை இடது விரலால் தடவிக்கொண்டே வலது கையால் குத்துவாள். ஆழம் நம் தொண்டையின் பொறுப்பு. "ஸ்ஸ்" என்றால் சரி. "ஆ" என்றால் போதும். "அம்மா" என்றால் ஊசி தானாக மேலே வந்துவிடும்.

"கூச்சப்படாம கத்து தம்பி. உன் வாய்தான் எனக்குக் கண்ணு."

வங்காளிகள் வந்தால், பலமாகக் கத்தச் சொல்லி இந்தியில், "சில்லாவ் பேட்டா, ஜோர்ஸே சில்லாவ்!" என்பாள். ஒரு தெலுங்குக்காரர் ஊசி படுமுன்பே அலற, "பொய்ச் சத்தம் எனக்குத் தெரியாதா? உக்காருய்யா!" என்று அதட்டினாள்.

அவள் மருமகன் எங்கள் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. அவருக்கு இதெல்லாம் அவமானம். "எவன் கையாவது வீங்கட்டும். ஊசிப் பெட்டி கடலுக்கு, அத்தை மெயின்லேண்டுக்கு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் தெரிந்துதான் கையை நீட்டினேன். இரண்டு மீன் கேட்டேன். அவள் நூலை ஒட்டி முடித்த நேரம் பார்த்து, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் ஹேவ்லாக் தீவுப் படகுக்காகப் பத்தடி தள்ளி வந்து நின்றாள்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? ஊசி படலையா?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"கெட்டித் தோலு போல" என்று இன்னும் அழுத்தினாள். முதல் மீன் எலும்பு வரை நீந்திற்று. இரண்டாவது மீனுக்கு என் கண்ணீர் அவள் கையில் சொட்ட, "தூறுதா?" என்றாள்.

ஒரு வாரம் அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தேன். காய்ச்சலில் மேஜைமேல் சாய்ந்தபோது, மருமகன் காற்றுப்படட்டும் என்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். பார்த்தார். அன்று மாலையே பெட்டி கடலுக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

மருமகன் அவளை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றிய நாளன்று சத்தக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையை இழுத்துத் தழும்பின்மேல் விரலை ஓட்டினாள்.

"மீன் நல்லாத்தான் வந்திருக்கு. என் காதுதான் போயிடுச்சோன்னு இத்தனை நாளா தூக்கமில்ல. நீ கத்தவே இல்லையா? அப்பாடா!"

சிரித்துக்கொண்டே, சும்மா இருந்த இரண்டு கைகளோடு கப்பலேறினாள்.

அந்த டைப்பிஸ்டைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். ஒருநாள் மனம் தாளாமல் அவளிடம் இதைச் சொன்னேன்.

"அன்னைக்கா? போட் வருதான்னு நான் கடலைத்தானே பாத்துட்டிருந்தேன்," என்றாள். "நீங்க அங்கயா இருந்தீங்க?"