ராகுகாலத்தில் அடைத்த ஓட்டை

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

ரேணிகுண்டாவில் இருக்கும் மரியாதைக்குரிய ஏகாம்பரம் அவர்களுக்கு,

சித்தூர் முனுசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. முதலில் 'சம்பந்தி' என்று எழுதி, அந்த உரிமை இப்போது இல்லை என்று ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். தாங்களும், பத்மினி அம்மாளும், உங்கள் மகன் ஹரிபிரசாத்தும் நலமாயிருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். இங்கும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு முன்னால் ஒரு வெட்கக்கேடு. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நான் போட்டிருந்த புதுச்சட்டையில் நெஞ்சிலிருந்து தொப்புள் வரைக்கும் சைஸ் 42, 42, 42 என்று ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைப் பிய்க்காமலே வந்துவிட்டேன். அதோடுதான் உங்களை வாசலில் வரவேற்றேன். அதோடுதான் போட்டோவுக்கு நின்றேன். உங்கள் தம்பி என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்ததை மரியாதை என்று நினைத்து நானும் நிமிர்ந்து நின்றேன்.

நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம். அன்றைக்கு மண்டபத்தில் நீங்கள் பார்த்தது பாதிதான், மீதிப் பாதி எனக்கே சாயந்திரம்தான் தெரியும். என் மகள் சுஷ்மிதாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தேன். அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டபோது 'நல்ல வேலைங்க' என்றேன், எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. நான் மாங்கூழ் பேக்டரியில் பாய்லர் பக்கம் குழாய் பார்க்கிறவன், பத்தாவதைத் தாண்டாதவன். இப்போது அவள் சொல்லிப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். கம்ப்யூட்டர், செல்போன், ஏடிஎம் எல்லாவற்றுக்கும் உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம், மாம்பழத்துக்குக் கொட்டை மாதிரி. நம் பக்கத்து மாங்காயில் கொட்டை வண்டு பார்த்திருப்பீர்கள். பிஞ்சிலேயே உள்ளே போய்விடும், போன வழியும் மூடிக்கொள்ளும், பழம் மேலுக்குத் தளதளவென்று இருக்கும், வெட்டினால்தான் தெரியும். அந்த மாதிரி கெர்னலுக்குள் பல வருஷமாக ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. அது தெரிந்தவன் அடுத்தவன் கம்ப்யூட்டருக்கு எஜமான் ஆகிவிடலாமாம். அதை அடைக்கிற கூட்டத்தில் என் மகள் ஒருத்தி. வண்டுக் கதையை அவளிடம் சொன்னேன். "முக்கால்வாசி கரெக்ட் நைனா" என்றாள். என் ஆயுசில் நான் வாங்கிய பெரிய மார்க் அதுதான்.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு. அடைக்கிற ஒட்டு தயாராகி, எல்லோருக்கும் ஒரே நாளில் போய்ச்சேருகிற வரைக்கும் ஓட்டை இருப்பதையே வெளியே மூச்சுவிடக் கூடாது. விட்டால் திருடனைக் கூப்பிட்டுப் புழக்கடை வழியைக் காட்டின மாதிரி. பெற்றவர்களிடமும் சொல்லக் கூடாது. ஒட்டு வெளியே போக அவர்கள் கூடி நாள் குறித்தது வருகிற செவ்வாய்க்கிழமை. நாம் குறித்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. இரண்டும் மோதாது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், நீங்களெல்லாம் வந்து உட்கார்ந்து, புரோகிதர் தட்டுகளை வரிசையாக வைத்து, "பத்தரைக்கு ராகுகாலம், தொந்தரகா ரண்டி" என்று தெலுங்கில் பொண்ணை அவசரப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது. யாரோ ஓட்டையை மோப்பம் பிடித்துவிட்டார்கள், செவ்வாய் வரைக்கும் தாங்காது, இன்றைக்கே ஒட்டு வெளியே போக வேண்டும். ஆனால், என் பாஷையில் சொன்னால், அந்த ஒட்டு புதுக் குழாயில் நிற்கிறது, பழைய குழாயில் நிற்கவில்லை. போட்டால் மெஷினே எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பழைய கெர்னல்தான் எத்தனையோ ஆஸ்பத்திரியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். அந்த ஒட்டு இவள் எழுதினது. பட்டுப்புடவையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "நைனா, கொஞ்ச நேரம் சமாளி. ஏன்னு கேக்காத" என்றாள்.

சமாளிக்கிற வேலையை என்னிடம் கொடுத்ததுதான் அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு. நான் உங்களிடம் வயிற்றுவலி என்றேன். அது தெரியாமல் என் சம்சாரம் கன்னிகா, பொம்பளைகள் பக்கத்தில், எதிர்க் கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டது. வயிற்றுவலிக்காரி எப்படி ரோடு தாண்டிப் போனாள் என்று பத்மினி அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது நியாயம். அப்போதும் நல்ல மனசோடு ஓமத்தண்ணி வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு தேடி வந்தார்கள். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஆம்பிளைக் குரல் கேட்டது. அதற்கப்புறம் நடந்தது என் காதிலேயே நிற்கிறது.

"உள்ள யாரும்மா ஆம்பள?"

"ஜெபகுமாருங்க, கூட வேலை செய்றவர். கம்ப்யூட்டர்ல பேசிக்கினு கீறார்."

"உனுக்கு வயித்துவலின்னாங்களே."

"எனுக்கா?"

"அப்ப இன்னாதான் பண்ணிக்கினு கீற?"

"இப்ப சொல்லக் கூடாதுங்க அத்தை. சாயந்தரம் சொல்றேன்."

நிச்சயமே ஆகாத இடத்தில் அத்தை என்று கூப்பிட்டதும் அந்த நேரத்தில் குற்றமாகிவிட்டது. "இன்னிக்கே சொல்லக் கூடாதுன்றா, நாளைக்கு எத்தினி விசயத்த முழுங்குவாளோ" என்றார் உங்கள் தம்பி. மாப்பிள்ளைப் பையன் ஹரிபிரசாத் வாட்ச்சைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பத்மினி அம்மாள் என்னைப் பார்த்து, "குடும்பம் பண்ற பொண்ணுக்கு இப்பிடி ஒரு வேலை தேவைங்களா?" என்றார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு, "தேவையில்லைங்க, உட்டுடுவா" என்றேன். அப்படியும் நீங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டீர்கள். ராகுகாலம் பிறக்க, நீங்கள் வேனில் ஏற, சரியாக இருந்தது.

ராகுகாலம் கழிந்து சற்றைக்கெல்லாம் அவள் வெளியே வந்தாள். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். புடவையெல்லாம் அரிசித் தவிடு. "முடிஞ்சிச்சு நைனா. எங்க எல்லாரும்?" என்றாள்.

மீந்த கேசரியை மண்டபத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கொடுத்தோம். பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுத் தின்றார்கள். வீடு திரும்பினதிலிருந்து தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, துக்கம் கேட்க வந்தவர்களைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். கன்னிகா என்னோடு பேசுவதில்லை, பேசினாலும் வயிற்றுவலியில்தான் ஆரம்பிக்கிறது. சுஷ்மிதா லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், துன்னுவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், விஷயம் வெளியே வந்தபின், அந்த ஒட்டு இதுதான் என்று எனக்குக் காட்டினாள். நாலே நாலு வரி. அதற்கு மேலே இங்கிலீஷில் சுஷ்மிதா முனுசாமி. ரேஷன் கார்டில் முனிசாமி என்றும் ஓட்டர் கார்டில் மனுசாமி என்றும் இருக்கிற என் பெயர் அங்கே பிசகில்லாமல் இருக்கிறது. அந்த ஒட்டு போகிற இடத்திலெல்லாம், யார் போட்டது என்று தேடினால் இந்தப் பெயர்தான் வருமாம். நான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, மூடி வை" என்றேன்.

இது அவளுக்கு மூன்றாவது வரன். முதல் இரண்டும் ஜாதகத்தில் போனது, வருத்தமில்லை. இது நல்ல இடம், நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. ஆகவே பெரிய மனது வைத்து வேறு நாள் பார்த்து வரவேண்டும். அவள் வேலையை விட்டுவிடுவாள், நான் பொறுப்பு. இங்கே ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலைக்குச் சொல்லி வைக்கிறேன். லேப்டாப் உங்கள் வாசற்படி ஏறாது. அன்றன்றைக்கு நடந்ததை, என்ன குழம்பு என்பது உட்பட, ஒன்று விடாமல் அத்தையிடம் சொல்லுவாள். இது என் தலைமேல் சத்தியம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும். உங்கள் தம்பியை எதில் சேர்ப்பதென்று நீங்களே முடிவு செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்கு உரிய,
முனுசாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. காலையில் ஜெபகுமார் போன் செய்தார். வேறு ஏதோ ஓட்டையாம். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்துவந்து உட்கார்ந்தவள், ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் நாலு இட்லி தின்றாள். இன்னும் இருக்குதா என்றாள். கன்னிகா என் தட்டில் இருந்ததை எடுத்து அவளுக்குப் போட்டது. ஆகையால், வேலையை விடுவாள் என்று மேலே நான் எழுதினதை எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். சத்தியம் என் தலைமேல்தானே செய்தது, மீறின பாவம் பலித்தாலும் என்னோடு போகட்டும். அவளிடம் கேட்காமல் நான் கொடுத்த வாக்கு அது. இந்தப் பெண்தான் வேண்டும் என்றால் வாருங்கள், இல்லையென்றால் வருத்தமுண்டு, கோபமில்லை. அன்றைக்கு மண்டபத்து வாசலில் நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் தொண்டை வரைக்கும் வந்து, நான் வாய்விட்டுச் சொல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: உட்காருங்க, எம்பொண்ணு வேலையா இருக்குது, முடிச்சிட்டு வரும்.