வரைபடத்தில் எங்கள் மலை

என் வீடு ஒரு மலை உச்சியில் இருக்கிறது. இதை உலகுக்கு அறிவித்தே தீருவதென்று ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன்.

ஆதாரம் மேஜை மேல் விரிந்து கிடந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய நில அளவை வரைபடம்! பழைய பேப்பர் கடையில் மூன்று வாரம் தும்மித் தும்மிக் கண்டெடுத்தேன். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைத்திருப்பார்கள். எங்கள் வீடு இருக்கும் இடத்தில் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். மலையேதான். பக்கத்தில் 'செங்கல் சூளை' என்று வேறு எழுதியிருந்தது. மலை மேல் கோட்டை கட்டாமலா சூளை போடுவான்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரலாற்று ஆர்வம் பாதிதான். மீதி, முன்னறை. என் மனைவி தையல்காரி. அவள் மெஷின் இருக்கும் பின்னறையில் மழைக்குத் தண்ணீர் ஊறுகிறதாம். மழை நாளில் நான் ஆராய்ச்சியில் மூழ்கிவிடுவதால் நேரில் பார்த்ததில்லை. என் ஆராய்ச்சி அறையான முன்னறையைத் தரச் சொல்லி மூன்று வருஷமாக நச்சரிப்பு. மலை உச்சியில் தண்ணீர் எப்படி நிற்கும்? இன்றோடு வழக்கு முடிந்தது.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுத் தபால்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். விளக்கி முடித்ததும் அவர் வாயைப் பிளந்தார். எனக்கு மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் இழுத்தது.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "ஏங்க, அப்போ இந்த மேப் சொல்றதுதான் முடிவா?"

"சத்தியமா முடிவு!"

"அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா" என்றார் தபால்காரர்.

"சரி. வட்டத்துக்கு உள்பக்கமா சின்னச் சின்னக் கோடு இருக்கே, அது என்ன?"

"அதுவா? அழகுக்குப் போட்டிருப்பான்."

"அழகுக்கா? நான் துணியில ஒரு குறி போட்டா அழகுக்கா போடுறேன்? அங்க மடிக்கணும், இங்க வெட்டணும்னு அர்த்தம். கீழே ஓரத்துல குறிப்பு இருக்கு பாருங்க. அண்ணே, நீங்களே படிங்க."

தபால்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "உள்நோக்கிய சிறுகோடுகள்... பள்ளம்."

வரைபடத்தைப் பிடுங்கி நானே படித்தேன்; அப்போதும் பள்ளம்தான்.

"சூளைக்கு மண்ணு வேணும்ல? இங்கதான் தோண்டியிருக்காங்க" என்றபடி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். வரைபடத்தில் வைத்தாள், வீட்டை அளந்தாள், மறுபடி வரைபடத்தில் வைத்தாள். "முன்னறை வெளிக்கோட்டுல நிக்குது, மேடு. நடுப்பள்ளம் நம்ம பின்னறை. மேப் சொல்றதுதானே முடிவு? மெஷினை ஒரு கை பிடிங்க."

தபால்காரர் மறு கை பிடித்தார், துரோகி!

ஆனால் பெருமையை மறைக்கக்கூடாது. நூறு வருஷமாக யாருக்கும் தெரியாத பள்ளத்தை என் மனைவி நாடாவை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். இப்போது தெருவே, "மேப் அக்கா இருக்காங்களா? எங்க வீடு மேடா பள்ளமா?" என்று முன்னறையில் வந்து நிற்கிறது. நான்தான் அந்த அக்காவின் வீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் வலியப் போய்ச் சொல்கிறேன்.

ஆராய்ச்சி பின்னறையில் தொடர்கிறது. மழை வந்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிறேன். எங்கள் மலையின் உச்சி இப்போது அதுதான்.