அரக்குக் கட்டம்போட்ட பூ

தலையே போனாலும் அந்த அரக்குக் கட்டம்போட்ட சட்டையை விட்டுக்கொடுப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு கட்டியிருந்தார். காலர் நைந்து நூல் தொங்கியது. முழங்கை வெளியே எட்டிப் பார்த்தது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒருமுறை தரை துடைக்கிற வாளியில் போட்டாள், மீட்டார். இன்னொரு முறை பழைய துணி மூட்டையில் கட்டினாள். மூட்டையை அவிழ்த்து மீட்டார். கடைசியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் டூல்ஸ் பைக்குள், ஸ்பானர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார். கிரீஸ் வாடை அடிக்கும் அந்தப் பையை அவள் காலால்கூடத் தொடமாட்டாள்.

இப்படியிருக்க, அவள் தங்கை மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. துணியில் பூ தைத்து, ஹேர் கிளிப்பில் ஒட்டிக் கொடுப்பதென்று மனைவி சாப்பாட்டு மேஜையில் கத்திரியும் ஊசியுமாக உட்கார்ந்தாள். துணியை வட்டமாக வெட்டி, மடித்து, ஓரத்தில் நூலோட்டிச் சுருக்கினால் ஓர் இதழ். ஐந்து இதழைக் கோத்தால் ஒரு பூ. இரண்டு இதழோடு ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு வரலைங்க. இதுக்கு நிதானமான கை வேணும்."

மெக்கானிக் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஓடுற லிஃப்டையே ஒரு நூல் பிசகாம நிறுத்துறவன் நான். இது என்ன பிரமாதம்? இப்படிக் கொடு."

கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பூ பிறந்தது. வாயைக் கோணிக்கொண்டு பிறந்தது.

"கை என்னமோ அருமையான கைதான்," என்றாள் மனைவி. "துணிதான் சரியில்ல."

"துணிக்கு என்ன?"

"புதுசுல்ல, விறைச்சுக்கிட்டு நிக்குது. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன துணின்னா இதழ் அப்படியே படிஞ்சு உக்காரும். அந்த மாதிரி துணி இந்த வீட்டுல எங்க இருக்கு?"

மெக்கானிக்கின் பார்வை டூல்ஸ் பைப் பக்கம் போய்த் திரும்பியது.

"விடுங்க. போன வருஷம் தங்கச்சி வீட்டுக்காரர் தன் கையாலயே ஒண்ணு செஞ்சாரு. வீட்டுக்கு வர்றவங்க கிட்டல்லாம் அவ காட்டிக் காட்டி மாய்ஞ்சு போறா. எல்லாருக்கும் அப்படி அமையுமா?"

சகலையா? ஒரு ஆணி அடிக்கச் சுவரையே உடைக்கிற அந்த மனிதரா? மெக்கானிக் எழுந்து டூல்ஸ் பையைத் திறந்தார்.

"முதுகுத் துணி மட்டும்தான்," என்றார் கறாராக. "முதுகை யாரு பாக்கப்போறா?"

"கத்திரி வேணுமா?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

சட்டைத் துணியில் தைத்த முதல் பூ நிஜமாகவே பூ மாதிரி இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பூவுக்கு ஜோடி வேண்டாமா? ஒரு கை போனது. ஒரு கை இல்லாத சட்டைக்கு மறு கை எதற்கு? அதுவும் போனது. பூவுக்கு நடுவே வைக்கப் பட்டன் தேவைப்பட்டது. பட்டன் போன பிறகு முன்பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறந்தநாளன்று மச்சினி வீட்டு வாசலில், பச்சை நிறத்தில் மெத்தென்று பின்னிய ஒரு மிதியடி கிடந்தது. மெக்கானிக் இரண்டு காலையும் ஆசைதீரத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கொடுத்த கையோடு குழந்தை காதுக்கு மேலே பக்கத்துக்கொன்றாகப் பூவைக் குத்திக்கொண்டு ஓடிவந்தது. "எல்லாம் இவர் கைவேலை," என்று மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. குழந்தை திரும்பியபோது பூவின் நடுவே தன் சட்டையின் மேல் பட்டன் தெரிந்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேக் தட்டோடு சகலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விறைப்பான புதுச்சட்டை போட்டிருந்தார். குழந்தையின் தலையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"ரொம்ப நாள் சட்டையா?"

"ஆமா."

"'அந்த மாதிரி துணி இந்த வீட்டுல எங்க இருக்கு'ன்னு கேட்டாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சமையலறையில் அக்காவும் தங்கையும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. சகலை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வரும்போது வாசல்ல பச்சையா ஒண்ணுல கால் தொடச்சீங்களே, அது என் சட்டை."