முடிச்சு டீச்சர் நடத்திய கல்யாணங்கள்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அதிகக் கல்யாணம் நடத்தி வைத்தவர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் முடிச்சு டீச்சர் என்பேன். புரோகிதர்களும், எங்கள் கொங்குக் கல்யாணங்களை நடத்தும் அருமைக்காரர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் முகூர்த்தம் பார்க்க வேண்டும். டீச்சருக்குத் தினமும் முகூர்த்தம். மண்டபம், இரண்டாம் வகுப்பு அறை. மாப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முன்பல் இருக்காது.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் சாம்பாரைக் குறை சொன்ன வாத்தியார் இன்னும் பிறக்கவில்லை. என் சமையற்கட்டுக்கு எதிரே டீச்சரின் வகுப்பு. அதனால் எல்லாக் கல்யாணத்துக்கும் நான் சாட்சி.

இரண்டு சொல் சேர்ந்தால் புதுச் சொல் ஒன்று வரும் அல்லவா, அந்தக் கூட்டுச் சொற்களைத்தான் நடத்துவார். மற்றவர்கள் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவார்கள். இவர் ஒரு பிள்ளையின் கழுத்தில் ‘மழை’ என்று அட்டை மாட்டுவார், இன்னொன்றின் கழுத்தில் ‘நீர்’ என்று. தோளில் ஆளுக்கொரு சின்னத் துண்டு. துண்டு நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டதும் வகுப்பே “மழைநீர்!” என்று கத்தும். என் அடுப்பில் பருப்பு பொங்கும்.

மறுநாள் மழைக்குக் காலத்தோடு கல்யாணம். அதற்கடுத்த நாள் மேகத்தோடு.

“டீச்சர், மழைக்கு இது மூணாவதுங்க” என்று ஒரு வாண்டு எழுந்து நின்றது.

“மழைக்கு எத்தனை வேணாலும் ஆகலாங்க கண்ணு. உக்காருங்க.”

பிள்ளைகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒரு நாள் பருத்தியையும் நூலையும் நிறுத்தி முடிச்சுப் போடப் போனார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் பதறினான்: “வேண்டாங்க டீச்சர்! ரெண்டும் ஒரே மில்லுங்க, பங்காளிங்க! கட்டக் கூடாதுங்க!” வகுப்பு முழுக்க ஆமாம் போட்டது. பருத்தியும் நூலும் பங்காளி இல்லை என்று புரிய வைப்பதற்குள் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சாப்பாட்டிலும் இதே கூத்துதான். அன்றைய ஜோடிப் பிள்ளைகள் இரண்டும் வந்து சேரும்வரை தட்டில் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“ஏனுங்க டீச்சர், ஆறிப்போகுதுங்க.”

“பொறுங்க அம்மணி. சாதம் வந்துருச்சு, தயிர் இன்னும் கை கழுவிட்டு வரல.”

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். டீச்சர் ஒரு கல்யாணத்தைச் செல்போனில் படம் பிடித்துப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டார். அதில் ‘தேன்’ யாழினி. ஒரு வருஷமாக வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டும். ‘கூடு’ ஒரு பையன்.

மறுநாள் காலையில் யாழினியின் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர், மொபெட்டில் வந்து இறங்கினார். தென்னந்தோப்புக்காரர். ஊர்ப் பேச்சுவார்த்தையில் அவர் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கையில் செல்போனோடு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்; டீச்சரும் அங்கேதான் இருந்தார்.

“ஏனுங்க, யாரைக் கேட்டு என்ற பேத்திக்கு முடிச்சுப் போட்டீங்க?”

தலைமையாசிரியருக்கு வேர்த்தது. “அது பாடமுங்க…”

“பாடமா? ஊரே பாத்துச் சிரிக்குதுங்க. இந்த டீச்சரம்மா இங்க இருக்கக் கூடாது. நீங்க மாத்தாட்டி, நான் ஆபீசுல எழுதிக் குடுத்து மாத்தறேன்.”

சொன்னால் செய்கிற ஆள். கரண்டியோடு உள்ளே போய்விட்டேன்.

“பெரியவரே, அது கல்யாணமில்லீங்க. இணைச்சீருங்க. நம்ம கல்யாணத்துல அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு சேலைத் தலைப்பைப் புடிச்சு நிக்கறதில்லீங்களா? அது மாதிரி.”

பெரியவர் கோபம் தணிந்தது. தலைமையாசிரியர், “அதேதானுங்க, அதேதானுங்க” என்று நாற்காலியில் சாய்ந்தார். நான்கூட மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

“இல்லீங்க” என்றார் டீச்சர்.

நான் கரண்டியை ஆட்டி ஜாடை காட்டினேன். அவர் பார்த்தால்தானே!

“அண்ணனுமில்லீங்க, மாப்பிள்ளையுமில்லீங்க. வெறும் வார்த்தைங்க.”

“அந்தப் பையன் யாரூட்டுப் பையன்?”

யார் வீட்டுப் பையன், பெரியவர் கால் வைக்காத எந்தத் தெரு என்று எனக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும்.

“அவன் கூடுங்க” என்றார் டீச்சர். “ஒருக்கா வகுப்புக்கு வந்து பாருங்க. பாத்துட்டும் வேண்டாமின்னு தோணுச்சுன்னா எழுதிக் குடுங்க.”

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் நின்றார். சத்தம் அடங்கிவிட்டது. யாழினி கழுத்தில் அதே ‘தேன்’ அட்டையோடு நடுவில் நின்றாள். அந்தப் பையன் தன் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான்.

யாழினி அப்பாருவை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கழுத்தில் அட்டை இல்லாதது அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. மேசைக்குப் போய்த் துழாவி, ஓர் அட்டையை எடுத்து வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பேத்தி இழுத்தால் குனியாத அப்பாரு உண்டா? குனிந்தார். மாட்டிவிட்டாள். ‘ஈ’.

“ஈயா? என்னையவா?”

“ஈ இல்லாம தேன் எப்புடிங்க அப்பாரு வரும்?”

அந்தப் பிள்ளையின் குரலை நாங்கள் கேட்டது அன்றுதான். பெரியவர் தோளில் தொங்கிய துண்டின் ஒரு நுனியைத் தன் துண்டோடு முடிந்தாள். வகுப்பு “தேனீ!” என்றது. மறுநுனியை எடுத்துக்கொண்டு சுவரோரம் இருந்த பையனைப் பார்த்து, “டேய் கூடு, வாடா” என்றாள். அவன் அட்டையைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

“தேனீக்கூடு!” கூரை ஓடு பறந்துவிடும்போல் சத்தம்.

பெரியவர் நடுவில் நின்றார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அசைந்தால் முடிச்சு இறுகுகிறது.

“எந்நேரம் வரைக்கும் நிக்கோணுங்க டீச்சர்?”

“மணி அடிக்கற வரைக்குங்க.”

நின்றார்.

மணி அடித்ததும் தானே முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். ஆபீசுக்கு எதுவும் போகவில்லை.

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. மத்தியானம் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க டீச்சர், நான் காப்பாத்த வந்தா நீங்க இப்படிப் போட்டு ஒடைச்சுப்போட்டீங்களே? அண்ணன் தங்கச்சின்னு சொன்னா என்ன கொறைஞ்சு போகுது?”

“அந்தப் பையன் சன்னலோரமா நின்னு கேட்டுட்டிருந்தானுங்க அம்மணி. அவன அந்தப் புள்ள பக்கத்துல நிறுத்துனதுக்கு நாம பயந்துக்கிட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சுருமில்ல?”

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பொய் சொன்னதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அந்தப் பையன் சன்னலோரம் நின்றதை நான் கவனிக்கவில்லை என்பது உண்மைதான். அன்றைக்கு எனக்கு இருந்த நினைப்பு ஒன்றே ஒன்று: இந்தப் பைத்தியக்கார டீச்சரை எங்களிடமிருந்து யாரும் கொண்டுபோய்விடக் கூடாது.