கும்மிக்கு வராத ஐந்து குடும்பங்கள்

மதிப்புக்குரிய மைத்துனர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு, பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் திருநாவுக்கரசு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் நலம். அங்கும் அதே தயவு நீடிக்க மாரியம்மன் துணை. ஜப்பான்காரர் கணக்குப்படி ஆண்டை 2603 என்று எழுத உத்தரவு. அறுநூற்று அறுபது வருடத்தை ஒரே நாளில் தாண்டியும் பசியைத் தாண்ட முடியவில்லை.

போர்டிக்சன் பக்கம், உங்களுக்கு அடுத்த தோட்டத்திலிருந்து ஐந்து குடும்பங்கள் போன மாதம் இங்கே வந்தன. உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் குடித்தவர்கள்தாம். கோயில் வாசலில் ஞாயிறுதோறும் கும்மி உண்டு. புதிதாக வந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. உதாரணமாக, புதுப் பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் தனியே உட்காரவைத்தால் அது தன் பெயரையே மறந்துவிடும். ஆகவே முதல் வாரம் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு அழைத்தேன், கதவைச் சாத்தினார்கள். கூச்சமாக இருக்கும் என்று இரண்டாம் வாரம் தப்பு அடித்து அழைத்தேன். அவர்களிடம் மிச்சமிருந்த மூன்று ஆண்களும் ரப்பர் மரக் கித்தாக் காட்டுக்குள் ஓடினார்கள். மூன்றாம் வாரம் வருகிறவர்களுக்கு அவித்த கிழங்கு இலவசம் என்றேன். அன்று குழந்தைகளையும் காணோம்.

அவர்களில் மயிலம்மாள் என்பவரிடம் காரணம் கேட்டேன்.

"ஓசியில படம் காட்டுறோம்னு எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் மேளம் அடிச்சுக் கூப்பிட்டாங்கய்யா. பாக்கப் போன ஆம்பளைங்கள லோரியில ஏத்திட்டாங்க. என் வீட்டுக்காரரு சயாமுல ரயில் ரோடு போடுறாராம். உசுரோட இருக்காரான்னு தெரியல."

படத்துக்கும் கும்மிக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று உதாரணங்களோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அன்பா கூப்பிடுறதுதான் பயமா இருக்கு. கங்காணி மாதிரி திட்டிக் கூப்பிடுங்க, வாரோம்லா" என்றார்.

முப்பது வருடம் பிரம்பைத் தொடாதவன் நான். ஆனாலும் போன ஞாயிறு கோயில் வாசலில் நின்று, "சோம்பேறிங்களா! வாரீங்களா, நான் வரட்டுமா?" என்று கத்தினேன். பழைய ஆட்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு என்று நினைத்து வாளியோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். கும்மிப் பாட்டு எடுத்துக்கொடுக்கும் மங்கம்மா, "வாத்தியாரே, பல்லு வலியா?" என்றாள். ஆனால் மயிலம்மாள் வந்தார்! வட்டத்தின் ஓரம் நின்று இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதற்கு உயர்த்திய கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

தெரிந்த முகம் ஒன்று வட்டத்தில் நின்றால் அவர் பயம் தெளியும். எனவே வரும் ஞாயிறு உங்கள் இரு மகன்களோடும் தவறாமல் வாருங்கள். துணைவியாருக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும்.

தங்கள்,
திருநாவுக்கரசு

பி.கு.: வராதீர்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கனி என்பவரை, சைக்கிளில் ஏறிவிட்டவரை, நிறுத்திவைத்து எழுதுகிறேன். தோட்ட ஆபீசில் ஜப்பான்காரருக்குக் கணக்கெழுதும் கிராணி இப்போதுதான் வந்து சொன்னார்: இந்த ஞாயிறு கும்மியை ஆபீசே நடத்துகிறதாம், ஆண்கள் எல்லாரும் வரவேண்டுமாம், ஆளுக்கு ஒரு படி அரிசியாம். வாத்தியார் அழகாகக் கூப்பிடுவார், அவரே கூப்பிடட்டும் என்று உத்தரவு. இதோ புறப்படுகிறேன். வாசலுக்கு வாசல் கும்பிட்டு அழைப்பேன். எனக்கு ஒரு வீடு முன்னால் மயிலம்மாள் போய், ஆண்களைக் காட்டுக்கு அனுப்பிக்கொண்டே வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பிள்ளைகளை யார் அன்பாக அழைத்தாலும் அனுப்பாதீர்கள். நான் அழைத்தாலும்.