டார்ச்சை மட்டும்தான் நீட்டினேன்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
ஞாயிற்றுக்கிழமை காலை

மரியாதைக்குரிய மச்சான் மகாதேவன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஸ்வர்ணாவின் கணவன் ஜம்புநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. அங்கே மான்மவுத் ஜங்ஷனில் தாங்களும், ஷ்யாமளா அக்காவும், வியாழக்கிழமை பெட்டியோடு வந்து இறங்கிய ஸ்வர்ணாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. ஸ்வர்ணா வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாள். ஆகையால் இருபது வருஷம் கழித்துக் கையால் கடிதம் எழுதுகிறேன், கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளவும்.

நான் அவள் மேல் துப்பாக்கியை நீட்டினேன் என்று அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். அது அபாண்டம். நான் நீட்டியது டார்ச் லைட்டை. அந்த டார்ச் ஒரு துப்பாக்கியில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷக் குடும்பம் இந்த ஒரு விஷயத்தில் உடையலாமா என்பதைத் தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்காகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

போன தீபாவளி சமயம் பின்தெருவில் ஒரு வீட்டுக் கதவை உடைத்து நகையை எடுத்துப் போனார்கள் அல்லவா, அன்று வாங்கியதுதான் ஷாட்கன். வாங்கி அலமாரியில் பூட்டி வைத்ததோடு சரி. ஆனால் கூட வேலை பார்க்கும் நஞ்சப்பன், கோயம்புத்தூர்க்காரர், மான் வேட்டைக்கெல்லாம் போகிறவர், “இருட்டுல எதைச் சுடறோம்னு தெரிய வேண்டாமுங்களா, ஒரு லைட்டு மாட்டிக்குங்க” என்றார். அன்று பிடித்தது சனி. மூன்று வாரம் ஆபீஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் பதினேழு லைட்டுகளை ஒப்பிட்டேன். எத்தனை லூமன், பாட்டரி எத்தனை மணி நேரம், கிளாம்ப் இரும்பா அலுமினியமா என்று மிக்ஸி வாங்குவதைவிடக் கவனமாகப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் மாட்டுகிற லைட்டின் விலை துப்பாக்கி விலையையே தாண்டியது. ஆக மலிவானதாக ஒன்றை வரவழைத்தேன். நஞ்சப்பன் அதைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, “இதை மாட்டிட்டுச் சுட்டீங்கன்னா குண்டுக்கு முன்னால லைட்டு போய்ச் சேருமுங்க” என்றார். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதுக்கு ஒரு ஒயரும் அதன் முனையில் ஸ்விட்ச்சும் இருந்தது, பிடித்த இடமெல்லாம் எரிந்தது. மூன்றாவதுதான் கூப்பன் போட்டு வாங்கிய இப்போதைய லைட்டு. குழலுக்குக் கீழே கச்சிதமாக உட்கார்ந்தது. பகலில் கராஜ் கதவை மூடிவிட்டு அடித்துக் காட்டினேன். “திருடனுக்குக் கண் டெஸ்ட் பண்ணப்போறீங்களா?” என்றாள் ஸ்வர்ணா.

அதோடு விட்டிருக்கலாம். “ஏங்க, லைட்டைத் துப்பாக்கியில மாட்டினா, எதைப் பாக்கணும்னாலும் துப்பாக்கியை நீட்டித்தானே பாக்கணும்? நம்ம மானஸா காலேஜ் லீவுக்கு வந்து தண்ணி குடிக்க எழுந்தா அவளையும் இப்படித்தான் பாப்பீங்களா? செவத்துல ஸ்விட்ச் இருக்குல்ல?” என்று கேட்டாள். நான் “உனக்கு டெக்னிக்கலா புரியாது” என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கத் தயார்.

செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. லேப்டாப், இரண்டு கார் சாவி, மிக்ஸி, அரிவாள்மனை எல்லாம் பலகையில் ஏறிய பிறகு, வீட்டில் இருக்கிற ஒரே நிஜமான ஆயுதத்தை விட்டுவைப்பது முறையா என்று நான்தான் அதையும் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் ஐந்து தோட்டாக்கள். ஸ்வர்ணா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பூஜையில் குறை வைக்கிறவள் அல்ல. குழலுக்குப் பொட்டு, பிடிக்குப் பொட்டு, லைட்டின் கண்ணாடிக்கு நட்ட நடுவில் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஐந்து தோட்டாக்களின் பித்தளை அடியிலும் குத்துவிளக்குக்கு வைப்பதுபோல் ஒவ்வொரு பொட்டு. எப்படி வேலை செய்யும் என்று சுண்டல் வாங்க வந்தவர்கள் கேட்டார்கள், நான் ஒரு தோட்டாவைப் போட்டு, முன்பிடியை இழுத்துத் தள்ளிப் பம்ப் பண்ணி, அந்தச் சத்தத்தைக் கேட்கச் செய்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு, “ஏங்க, அஞ்சு வெச்சேன், நாலுதான் இருக்கு” என்றாள். லட்டைக்கூட எண்ணி வைக்கிறவள். சோஃபாவுக்கு அடியில் உருண்டிருக்கும் என்றேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறு பூஜை முடிந்தும் யாரும் துடைக்காததால் பொட்டு அப்படியே இருந்தது. சாயங்காலம் ஸ்வர்ணா பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் காரில் ஹனுமான் கோயிலுக்குப் போயிருந்தாள். ஏழு மணிக்குப் புயல் மழை, கரண்ட் போனது. கராஜுக்குள் ஏதோ டப்பா உருண்டது. நின்றேன். மறுபடி உருண்டது. என் கையில் போன் இருந்தது, அதிலும் டார்ச் இருக்கிறது. ஆனால் மூன்று வாரம் தேடி வாங்கிய பொருளை அப்போது எடுக்காமல் எப்போது எடுப்பது?

கராஜுக்குப் போகும் கதவைத் தள்ளி ஸ்விட்ச்சை அழுத்தினேன். எதிர்ச் சுவரில் வட்டமாக வெளிச்சம், அதன் நடுவில் கழுத்தே இல்லாத கறுஞ்சிவப்புத் தலை ஒன்று. நான் இடது பக்கம் திருப்பினால் அதுவும் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் திருப்பினால் வலது பக்கம் வந்தது. “ஐ ஹேவ் எ கன்!” என்று கத்தினேன். அப்போது அந்தத் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை எழுந்து, “ஏங்க, நாந்தான்” என்றது. தாங்கள் சிரிக்கக் கூடாது, நான் “ரெண்டு பேரா!” என்று அலறினேன். “நாந்தாங்க, ஸ்வர்ணா. வெரலை எடுங்க” என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். லைட் ஸ்விட்ச் இடது கைக்கு. வலது கை விரல் விசை மேல், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

மழையால் சீக்கிரம் திரும்பியவள், போனில் சார்ஜ் இல்லாமல், கராஜின் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து மெழுகுவர்த்தி தேடியிருக்கிறாள். பட்டுப்புடவையோடு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கரண்ட் வரும் வரை எழுந்திருக்கவில்லை. வந்ததும், “தோட்டா இருந்துதா?” என்றாள். காலி என்றேன். “நாலுதான் இருந்துது” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். எண்ணிக்கைக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம், தாங்களே சொல்லுங்கள். மானஸாவோ காலேஜிலிருந்து போன் செய்து, “அப்பா, திஸ் இஸ் ஹவ் பீப்பிள் டை” என்று வைத்துவிட்டாள்.

காலித் துப்பாக்கிக்கும் ஒட்டடைக் கம்புக்கும் என்ன வித்தியாசம்? குற்றவாளி அந்த லைட்டும், சுவரில் தலையாக நிழல் விழுந்த அதன் பொட்டும்தான். லைட்டைக் கழற்றித் தருவதாக நஞ்சப்பன் இன்று மத்தியானம் வருகிறார். துப்பாக்கி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். தாங்கள் நல்ல வார்த்தை சொல்லி ஸ்வர்ணாவை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். நாலு நாளாகத் தயிர் சாதம். வீடு வீடாக இல்லை.

ஷ்யாமளா அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் வீட்டில் என்றும் மங்களம் நிறைய அந்த ஹனுமான் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் எதிர்பார்க்கும்
ஜம்புநாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நஞ்சப்பன் வந்துவிட்டார். லைட்டைத் தொடுவதற்கு முன்னால் வழக்கப்படி துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். தரையில் ஒன்று விழுந்து உருண்டது. பித்தளை அடியில் ஸ்வர்ணா வைத்த பொட்டு அழியாமல் இருந்தது. நஞ்சப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் இரண்டாம் தடவை குரல் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, மச்சான். மேலே காலி என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். துப்பாக்கியை லைட்டோடு நஞ்சப்பனே கடைக்கு எடுத்துப் போய்விட்டார், இனி அது இந்த வீட்டுக்கு வராது. அவளை அனுப்ப வேண்டாம். நாளைக்கு நானே வருகிறேன். அதுவரை ஸ்வர்ணாவிடம், அஞ்சாவது கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே கிடைத்தது என்பதை என் வாயால் நான் சொல்கிறேன்.